கரிஞ்சா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேசில் கால்பந்து என்றதும் நம்மூரில் முதலில் வரும் பெயர் பெலே. அதற்கடுத்து ரொனால்டோ, ரொனால்டினோ, நெய்மர். இந்த வரிசையில் விடுபட்டுப்போகிற ஒருவரைப் பிரேசில்காரர்கள் "மக்களின் மகிழ்ச்சி" என்று அழைத்தார்கள். பெலேயை வியந்தவர்கள் கரிஞ்சாவை நேசித்தார்கள் என்று அந்த நாட்டில் சொல்வது வழக்கம். அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்தக் கரிஞ்சா?

இயற்பெயர் மனுவேல் பிரான்சிஸ்கோ டோஸ் சாண்டோஸ். 1933 அக்டோபர் 28 அன்று ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில், மாஜே நகரத்தைச் சேர்ந்த பாவ் கிராண்டே என்ற ஆலைக் கிராமத்தில் பிறந்தவர். வலது விங்கர், அதாவது வலது ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர். ரியோவின் போட்டாஃபோகோ கிளப்புக்காக 1953 முதல் 1965 வரை ஆடி 240க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்தார். பிரேசில் அணியில் இரண்டு உலகக் கோப்பைகளை (1958, 1962) வென்றார். அதிகாரபூர்வக் கணக்கில் பிரேசிலுக்காக 50 ஆட்டங்கள், 12 கோல்கள். அந்த 50 ஆட்டங்களில் பிரேசில் தோற்றது ஒன்றில்தான், அதுவும் அவருடைய கடைசி ஆட்டத்தில்.

பெயரை எப்படி உச்சரிப்பது? அதற்கு என்ன பொருள்?

தமிழில் "கரிஞ்சா" என்று எழுதிப் பழகிவிட்டோம். போர்த்துகீசிய மொழியில் சொல்லின் நடுவே இரட்டை "ர" வந்தால் பிரேசில்காரர்கள் அதை "ஹ" போல ஒலிப்பார்கள். அவர்கள் வாயில் அது ஏறக்குறைய "கஹீன்ஷா". கரிஞ்சா என்பது ஒரு சின்னஞ்சிறு பழுப்புநிறப் பறவை. தம்பி உருவத்தில் சிறியவனாக இருப்பதைப் பார்த்து அக்காள் ரோசா வைத்த பெயர் என்பார்கள். பறவைகளைத் துரத்தித் திரிவதில் அவனுக்குப் பெருவிருப்பம் இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. மனுவேல் என்பதன் செல்லச் சுருக்கம் "மானே". இரண்டும் சேர்ந்து "மானே கரிஞ்சா". இந்த "மானே" என்ற சொல்லுக்குப் பிரேசில் பேச்சுவழக்கில் "ஏமாளி" என்றும் ஒரு பொருள் உண்டு. கீழே ஒரு கேள்விக்கு இது தேவைப்படும்.

கால்கள் உண்மையிலேயே வளைந்திருந்தனவா?

ஆம். இது ரசிகர்கள் ஊதிப் பெரிதாக்கிய கதை என்று நானும் முதலில் நினைத்தேன். பழைய புகைப்படங்களைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். வலது கால் உள்நோக்கியும் இடது கால் வெளிநோக்கியும் வளைந்திருக்கும். பலத்த காற்றில் இரண்டு கால்களும் ஒரே பக்கம் சாய்ந்ததுபோல இருக்கும் அந்தத் தோற்றம். ஒரு கால் மற்றதைவிடச் சில சென்டிமீட்டர் குட்டை. ஆறு சென்டிமீட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. "வளைந்த கால்களின் தேவதூதன்" என்ற பட்டப்பெயர் இதனால் வந்தது.

இந்தக் குறைதான் அவருக்குத் திறமையைக் கொடுத்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பாதி உண்மை. அவர் எந்தப் பக்கம் சாயப்போகிறார் என்பதைக் கால்களைப் பார்த்துக் கணிக்க முடியாமல் தடுப்பாட்டக்காரர்கள் தடுமாறியது உண்மைதான். ஆனால் அதே கால்கள்தான் முழங்கால் மூட்டுகளை ஆண்டுக்கு ஆண்டு அரித்தன. முப்பது வயதில் அவருடைய ஆட்டம் முடிந்துபோனதற்கும் அவையே காரணம்.

எப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தார்?

பாவ் கிராண்டே முழுவதும் ஒரு நெசவாலையைச் சுற்றி அமைந்த ஊர். வீடு, கடை, கால்பந்து மைதானம் எல்லாம் அமெரிக்கா ஃபாப்ரில் என்ற அந்த ஆலையைச் சார்ந்தே இருந்தன. அப்பா அமாரோ ஆலையில் காவலாளி. அவருடைய முன்னோர் வடகிழக்குப் பிரேசிலின் ஃபுல்னியோ பழங்குடியினர். அப்பாவுக்குக் கஷாசா என்ற கரும்புச் சாராயத்தின்மீது தீராத பழக்கம் இருந்தது. மகன் 14 வயதில் அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். வேலையில் பெரிய அக்கறை இல்லை. ஆலையின் கால்பந்து அணிக்கு அவன் தேவைப்பட்டதால்தான் வேலை தப்பியது என்று சொல்வார்கள். ஆறு, மீன்பிடித்தல், பறவைகள், கூட்டாளிகளோடு பந்து: அவர் வாழ்நாள் முழுவதும் திரும்பிப்போக விரும்பியது இந்த உலகத்துக்குத்தான். உலகக் கோப்பை வென்ற பிறகும் பாவ் கிராண்டே மைதானத்தில் பழைய நண்பர்களோடு வெறுங்காலில் ஆடினார்.

போட்டாஃபோகோவில் எப்படிச் சேர்ந்தார்?

1953இல், 19 வயதில். அதற்கு முன்பே திருமணமாகிவிட்டது. ரியோவின் வேறு பெரிய கிளப்புகளில் முயன்று திரும்பியதாகவும் கதைகள் உண்டு. ஓரிடத்தில் பூட்ஸ் கொண்டுவரவில்லை என்று திருப்பி அனுப்பினார்களாம். இன்னோரிடத்தில் ஊருக்குக் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று பாதியிலேயே கிளம்பிவிட்டாராம்.

போட்டாஃபோகோவில் தேர்வு ஆட்டத்தன்று அவருக்கு எதிரே நிறுத்தப்பட்டவர் நில்டன் சாண்டோஸ். பிரேசில் தேசிய அணியின் இடது பேக் (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்), அந்த இடத்தில் உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். முன்பின் தெரியாத ஆலைப் பையன் அவரைத் தாண்டிச் சென்றான். கால்களுக்கிடையே பந்தைச் செலுத்தினான் என்றும் சொல்வார்கள். பயிற்சி முடிந்ததும் நில்டன் சாண்டோஸ் கிளப் நிர்வாகத்திடம் சென்று, இவனை உடனே ஒப்பந்தம் செய்யுங்கள், இவனுக்கு எதிராக ஆட எனக்கு விருப்பமில்லை என்று கேட்டுக்கொண்டார். தன்னை எல்லோர் முன்னிலையிலும் தலைகுனிய வைத்த ஒருவனுக்காகப் பரிந்து பேசிய அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். கடைசிவரை கரிஞ்சாவுக்கு அண்ணனைப்போல இருந்தவர் அவர். 1998இல் இருபதாம் நூற்றாண்டின் உலக அணி என்று ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டபோது அந்தப் பதினொருவரில் இருவருமே இருந்தார்கள்.

போன்சுசெஸ்ஸோ அணிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல்கள் அடித்தார்.

அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான் என்கிறார்களே?

அப்படிச் சொல்வது தவறில்லை. வியப்பும் அதில்தான் இருக்கிறது.

வலது பக்கக்கோட்டின் அருகே பந்தோடு நிற்பார். ஓட்டமே இருக்காது, சும்மா நிற்பார். எதிரே தடுப்பாட்டக்காரர். உடலை இடப்பக்கம் சாய்ப்பார், பந்து அசையாது. தடுப்பவர் சாய்ந்துவிட்டுத் திரும்புவார். மறுபடியும் சாய்ப்பார். மூன்றாவது முறை வலப்பக்கம் பாய்ந்துவிடுவார். முதல் இரண்டு மூன்று அடிகளில் அவருக்கிருந்த வேகம் அந்தக் காலத்தில் வேறு யாருக்கும் இல்லை. பெரும்பாலும் வலப்பக்கம்தான் போவார் என்பது எதிரணிக்கும் கேலரிக்கும் பத்திரிகைகளுக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. எப்போது பாய்வார் என்பதை அவர் மட்டுமே தீர்மானித்தார். தடுப்பவர் என்ன செய்தாலும் கணம் தவறிவிடும்.

தாண்டிய பிறகு கோல் கோட்டுவரை சென்று, பின்னோக்கிப் பந்தை அனுப்புவார். ஓடிவரும் சகவீரருக்கு அது உள்ளங்கையில் வைத்துக் கொடுத்ததுபோல இருக்கும். இத்துடன், வளைந்து இறங்கும் ஃப்ரீ கிக்கும், உயரம் குறைவானவரிடம் யாரும் எதிர்பார்க்காத தலையடியும் அவரிடம் இருந்தன. ஒரே வித்தைக்காரர் என்ற பேச்சை 1962ஆம் ஆண்டு முடித்துவைத்தது.

தன்னைத் தடுக்க வந்த எல்லோரையும் அவர் "ஜோவாவோ" என்று ஒரே பெயரில் அழைத்தார் என்பார்கள். நம்மூரில் யாரோ ஒருவரைக் குறிக்கக் குப்பன், சுப்பன் என்பதுபோல. எதிரே யார் நிற்கிறார் என்பது அவருக்குப் பொருட்டில்லை என்பதைக் காட்டச் சொல்லப்படும் கதை இது.

"ஓலே" கோஷம் அவரால்தான் கால்பந்துக்கு வந்ததா?

அப்போது போட்டாஃபோகோவின் பயிற்சியாளராக இருந்த ஜோவாவோ சல்தான்யா சொன்ன கதை இது. 1950களின் இறுதியில் மெக்சிகோ நகரில் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் அணியோடு ஆட்டம். கரிஞ்சா எதிரணித் தடுப்பாட்டக்காரர் வைரோவை ஒவ்வொரு முறை தாண்டும்போதும், காளைப்போர் பார்த்துப் பழகிய மெக்சிகோ ரசிகர்கள் அங்கே எழுப்புவதுபோலவே "ஓலே" என்று ஒரே குரலில் முழங்கினார்களாம். கால்பந்தில் அதுதான் முதல் முறையா என்பதில் நான் உறுதியாக நிற்க மாட்டேன். அந்தக் கோஷத்தை மைதானத்துக்குக் கொண்டுவரத் தகுதியான ஆட்டக்காரர் இவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1958 உலகக் கோப்பையின் முதல் இரண்டு ஆட்டங்களில் ஏன் இல்லை?

உலகக் கோப்பைக்குச் சற்று முன்பு இத்தாலியில் ஃபியோரெண்டினா கிளப்புடன் பிரேசில் ஒரு பயிற்சி ஆட்டம் ஆடியது. கரிஞ்சா தடுப்பாட்டக்காரர்களையும் கோல்கீப்பரையும் தாண்டினார். காலியான கோல் எதிரே இருந்தது. அடிக்காமல் நின்றார். ஒரு தடுப்பாட்டக்காரர் ஓடிவந்ததும் அவரையும் ஏமாற்றிவிட்டுப் பந்தை உள்ளே தள்ளினார். ரசிகர்களுக்குக் கொண்டாட்டம், நிர்வாகிகளுக்கு எரிச்சல். பொறுப்பில்லாதவர் என்ற எண்ணம் அதனால் வலுப்பட்டது என்று பலர் எழுதியிருக்கிறார்கள்.

அணியோடு சென்ற உளவியலாளர் ஜோவாவோ கார்வல்யாயிஸ் வீரர்களுக்குத் தேர்வு வைத்தார். கரிஞ்சாவுக்கு மிகக் குறைந்த மதிப்பெண். 17 வயது பெலேயும் சிறுபிள்ளைத்தனமானவர் என்று குறிக்கப்பட்டார். இருவரையும் ஆடவைக்க வேண்டாம் என்பது உளவியலாளரின் பரிந்துரை. நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் உங்களுக்குக் கால்பந்து தெரியாது என்ற பொருளில் பயிற்சியாளர் விசென்டே ஃபியோலா பதில் சொன்னதாகப் பெலே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆஸ்திரியாவை 3-0 என்று வென்ற பிரேசில், அடுத்து இங்கிலாந்தோடு கோலின்றிச் சமன் செய்தது. உலகக் கோப்பை வரலாற்றிலேயே கோல் இல்லாமல் முடிந்த முதல் ஆட்டம் அது. மூன்றாவது ஆட்டம் சோவியத் யூனியனோடு. அணியை மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தது.

அந்தப் புகழ்பெற்ற மூன்று நிமிடங்களில் என்ன நடந்தது?

1958 ஜூன் 15, கோதன்பர்க். எதிரணிக் கோல்கீப்பர் லெவ் யாஷின். விஞ்ஞான முறைப்படி தயாரான அணி என்று சோவியத் அணிக்குப் பெயர். கரிஞ்சா, பெலே, ஜிட்டோ மூவருக்கும் அது முதல் உலகக் கோப்பை ஆட்டம்.

ஆரம்ப விசில் ஊதியதும் பந்து வலப்பக்கம் கரிஞ்சாவிடம் வந்தது. இடது பேக் குஸ்நெட்சோவைத் தாண்டினார், மறுபடியும் தாண்டினார், அடித்தார். பந்து கம்பத்தில் மோதியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்துப் பெலே அடித்த பந்தும் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மூன்றாவது நிமிடத்தில் டிடி கொடுத்த பந்தை வாவா கோலாக்கினார். கால்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த மூன்று நிமிடங்கள் என்று இவற்றைக் குறிப்பிட்டவர் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேப்ரியல் ஆனோ. ஆட்டம் 2-0 என்று முடிந்தது.

இறுதி ஆட்டத்தில் ஸ்வீடன் நான்காவது நிமிடத்திலேயே முந்தியது. கரிஞ்சா வலப்பக்கம் இருமுறை ஒரே மாதிரி உடைத்துச் சென்று பந்தை உள்ளே அனுப்ப, இருமுறையும் வாவா முடித்தார். இரண்டு கோல்களும் ஒன்றன் நகலாக இன்னொன்று இருக்கும். 5-2 என்று பிரேசில் முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றது.

1962 உலகக் கோப்பையைத் தனியாளாக வென்றார் என்பது மிகையா?

கொஞ்சம் மிகைதான். சிலியில் நடந்த அந்தப் போட்டியின் இரண்டாவது ஆட்டத்திலேயே, செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராகப் பெலே தொடைத்தசை காயத்தால் வெளியேறினார். பிறகு ஆடவே இல்லை. ஸ்பெயினுக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் தோற்கும் நிலையிலிருந்து இரண்டு கோல்கள் அடித்துக் காப்பாற்றியவர், பெலேயின் இடத்தில் வந்த அமரில்டோ. டிடி, ஜகாலோ, நில்டன் சாண்டோஸ் ஆகியோரும் இருந்தார்கள். சொல்லப்போனால் இறுதி ஆட்டத்தின் பதினொருவரில் ஐவர் போட்டாஃபோகோ வீரர்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, காலிறுதிக்கும் அரையிறுதிக்கும் வருகிறேன். ஜூன் 10, வினா டெல் மார். எதிரே இங்கிலாந்து. முதல் கோல்: கார்னரிலிருந்து வந்த பந்தை, தன்னைவிட உயரமானவர்கள் நடுவே எழும்பித் தலையால் முட்டினார் கரிஞ்சா. இங்கிலாந்து சமன் செய்தது. இரண்டாவது கோல்: அவருடைய ஃப்ரீ கிக்கைக் கோல்கீப்பர் ஸ்பிரிங்கெட் பிடிக்க முடியாமல் விட, வாவா அதை உள்ளே தட்டினார். மூன்றாவது கோல்: பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து அவர் அடித்த பந்து காற்றில் வளைந்து கோலுக்குள் விழுந்தது. மூன்று நாள் கழித்துச் சாந்தியாகோவில், சொந்த மண்ணில் ஆடும் சிலிக்கு எதிராக அரையிறுதி. ஒன்பதாவது நிமிடத்தில் இடது காலால் ஒரு கோல், 32ஆவது நிமிடத்தில் தலையால் ஒன்று. 4-2 வெற்றி.

வலப்பக்கம் மட்டுமே போவார் என்று அறியப்பட்டவர் நான்கு நாட்களுக்குள் தலையாலும் இடது காலாலும் தொலைவிலிருந்தும் கோல் அடித்தார். அந்தப் போட்டியில் நான்கு கோல்களோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட ஆறு பேரில் அவரும் ஒருவர். பெலே இல்லாத பிரேசில் என்ன செய்யும் என்ற கேள்விக்கு அவர் தன் ஆட்டத்தாலேயே பதில் சொன்னார்.

அரையிறுதியில் வெளியேற்றப்பட்டவர் இறுதி ஆட்டத்தில் எப்படி ஆடினார்?

ஆட்டம் முழுவதும் உதை வாங்கியவர், முடியும் தறுவாயில் சிலியின் எலாடியோ ரோஹாஸைத் திருப்பி உதைத்தார். நடுவர் வெளியே அனுப்பினார். (அப்போது சிவப்பு அட்டை கிடையாது, அது 1970இல்தான் வந்தது.) வெளியே நடந்துவந்தபோது கூட்டத்திலிருந்து எறியப்பட்ட ஏதோ ஒன்று தலையில் பட்டுக் காயமும் ஏற்பட்டது.

ஒழுங்குக் குழு கூடியபோது, நடந்ததைப் பார்த்த லைன்ஸ்மேன் சாட்சி சொல்ல அங்கே இல்லை, சிலியைவிட்டே போய்விட்டிருந்தார். பிரேசில் தரப்பின் அரசியல் அழுத்தமும் இருந்தது என்று பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. கரிஞ்சா தண்டனையின்றி விடப்பட்டார். அவரை எவ்வளவு பிடித்தாலும், அது நேர்மையான தீர்ப்பு என்று என்னால் சொல்ல முடியாது. காய்ச்சலோடு இறுதி ஆட்டத்தில் இறங்கினார், பெரிதாக ஒளிரவில்லை. செக்கோஸ்லோவாக்கியா அவரைக் காப்பதிலேயே கவனமாக இருக்க, அமரில்டோ, ஜிட்டோ, வாவா கோல் அடித்தார்கள். 3-1.

நாய் மைதானத்துக்குள் வந்த கதை உண்மையா?

உண்மை. இங்கிலாந்து ஆட்டத்தின் நடுவே ஒரு நாய் உள்ளே புகுந்தது. கரிஞ்சாவால்கூடப் பிடிக்க முடியவில்லை. இங்கிலாந்தின் ஜிம்மி கிரீவ்ஸ் கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றித் தவழ்ந்து அதைப் பிடித்தார். அது அவர் சட்டையை நனைத்துவிட்டது. பிறகு அந்த நாயைப் பிரேசில் வீரர்களிடையே குலுக்கல் போட, அது கரிஞ்சாவுக்கே விழுந்தது. ஊருக்கு எடுத்துப்போனார்.

பெலேயா, கரிஞ்சாவா?

இந்தப் போட்டியே வேண்டாம் என்பேன். இருவரும் சேர்ந்து ஆடிய 40 ஆட்டங்களில் பிரேசில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கடைசியாகச் சேர்ந்து ஆடியது 1966 ஜூலை 12, லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில், பல்கேரியாவுக்கு எதிராக. 2-0. ஆளுக்கொரு ஃப்ரீ கிக் கோல். மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் பெலே இல்லாமல் ஹங்கேரியிடம் 3-1 என்று தோற்றது பிரேசில். மேலே சொன்ன அந்த ஒரே தோல்வி இதுதான்.

ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லலாம். பெலே தன் உடலையும் பெயரையும் பணத்தையும் காத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார். கரிஞ்சாவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் முன்வரவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் பலருக்கு நட்டமாகியிருக்கும்.

அவர் அவ்வளவு வெகுளியா? அந்த வேடிக்கைக் கதைகள் எல்லாம் உண்மையா?

எனக்கு மனத்தாங்கல் உள்ள இடம் இது. அதனால் சற்று நீட்டி எழுதுகிறேன்.

சோவியத் ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளர் வியூகத்தை விளக்க, "எல்லாம் சரி, ரஷ்யர்களிடமும் பேசி முடிவு செய்துவிட்டீர்களா?" என்று கரிஞ்சா கேட்டாராம். ஸ்வீடனில் வாங்கிய ரேடியோ ஸ்வீடிஷ் மட்டுமே பேசும் என்று யாரோ சொல்ல, அதை நம்பி அணியின் மசாஜ்காரரிடம் குறைந்த விலைக்கு விற்றுவிட்டாராம். இப்படிப் பல. இவற்றில் சில நடந்திருக்கலாம். பல, சொல்பவர்கள் வாயில் வளர்ந்தவை. முதல் கதையில் எனக்கு வெகுளித்தனம் தெரியவில்லை. எதிரணியும் யோசிக்கும் மனிதர்களைக் கொண்டது என்பதைப் பயிற்சியாளருக்கு நினைவூட்டும் கூர்மையான கேள்வி அது.

கவனித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அவர் பிள்ளை மனம் கொண்டவர், பறவை, ஏமாளி மானே என்ற பேச்சு எல்லாத் தரப்புக்கும் வசதியாக இருந்தது. வெற்று ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார், தொகையைக் கிளப் பிறகு நிரப்பிக்கொள்ளும் என்பது அவருடைய தாராள மனத்துக்குச் சான்றாகச் சொல்லப்படும் செய்தி. ஆலைத் தொழிலாளியின் மகன், உலகக் கோப்பை வென்றவர், எழுதப்படாத தாளில் கையெழுத்திடுகிறார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தாராளமாகத் தெரிந்ததா? அணியின் முதன்மை நட்சத்திரமாக இருந்தும், சகவீரர்கள் சிலரைவிட அவருக்குக் குறைவான சம்பளமே கிடைத்தது என்று பிற்காலத்தில் தெரியவந்தது. ஒருவரைக் குழந்தை என்று கூப்பிட்டுவிட்டால் அவருக்குக் கொடுக்க வேண்டிய கணக்கைக் கொடுக்காமல் இருக்கலாம். அவருடைய மூட்டு வலிக்கும் குடிக்கும் பொறுப்பேற்காமல் சிரித்துக்கொண்டே கடந்துபோகலாம்.

முப்பது வயதிலேயே ஏன் சரிந்தார்?

முழங்கால்கள். வளைந்த கால்களில் ஒவ்வொரு பாய்ச்சலும் திருப்பமும் குருத்தெலும்பைத் தேய்த்தன. 1962 டிசம்பரில் ஃபிளமெங்கோவை 3-0 என்று வீழ்த்திப் போட்டாஃபோகோ ரியோ மாநிலப் பட்டத்தை வென்ற ஆட்டம்தான் அவருடைய கடைசிப் பேராட்டம். 1957, 1961ஐ அடுத்து அது அவருக்கு மூன்றாவது மாநிலப் பட்டம். அதன்பின் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. வெளிநாட்டுக் காட்சி ஆட்டங்களுக்குக் கரிஞ்சா வந்தால் கிளப்புக்கு அதிகக் கட்டணம்; வராவிட்டால் குறைவு. வலியை மறைக்க ஊசி போட்டுக்கொண்டு இறங்கினார். அறுவை சிகிச்சை 1964இல்தான் நடந்தது. காலம் கடந்துவிட்டது.

1966இல் கொரிந்தியன்ஸ், பிறகு ஃபிளமெங்கோ, 1972இல் ரியோவின் சிறிய கிளப்பான ஒலாரியா. அந்த ஆண்டுகளைப் பற்றி எழுத மனம் வரவில்லை. பெயரைப் பார்க்கக் கூட்டம் வந்தது.

எல்சா சோரெஸ் யார்?

ரியோவின் குடிசைப் பகுதியில் வளர்ந்து, பிரேசிலின் மாபெரும் சம்பா பாடகிகளில் ஒருவராக உயர்ந்த கறுப்பினப் பெண். 1962இல் சிலிக்குப் பிரேசில் அணியோடு பாடகியாகச் சென்றிருந்தார்; லூயி ஆம்ஸ்ட்ராங்கை அங்கேதான் சந்தித்தார். அந்த ஆண்டில் கரிஞ்சாவுக்கும் அவருக்கும் காதல் மலர்ந்தது. கரிஞ்சாவுக்கு ஊரில் மனைவியும் மகள்களும் இருந்தார்கள். முதல் திருமணத்தில் பிறந்தவர்கள் எட்டுப் பெண்கள்.

நாடே எல்சாவைத் தூற்றியது. குடும்பத்தைக் கெடுத்தவள், பணத்துக்காக ஒட்டிக்கொண்டவள் என்றார்கள். வீட்டின்மீது கல் எறிந்தார்கள். பணம் ஈட்டிக் குடும்பத்தை நடத்தியது பெரும்பாலும் எல்சாதான் என்பதை யாரும் பார்க்கவில்லை. 1969 ஏப்ரலில் கரிஞ்சா ஓட்டிய கார் லாரியில் மோதியது. உடன் வந்த எல்சாவின் தாய் இறந்தார். ராணுவ ஆட்சிக் காலத்தில் அவர்கள் வீட்டின்மீது துப்பாக்கிச்சூடும் நடந்தது. இருவரும் சில காலம் இத்தாலியில் வாழ்ந்தார்கள். 1976இல் ஒரு மகன் பிறந்தான்.

அடுத்ததை மழுப்பாமல் சொல்ல வேண்டும். குடித்துவிட்டுக் கரிஞ்சா எல்சாவை அடித்தார். 1977இல் எல்சா பிரிந்தார். மைதானத்தில் அவர் தந்த மகிழ்ச்சியை வைத்து இந்த அடிகளைச் சிறிதாக்கிக் காட்ட முடியாது. மூத்த மகள்கள் வறுமையில் வளர்ந்ததற்கும், அங்கீகரிக்காமல் விட்ட பிள்ளைகளுக்கும் அவரே பொறுப்பு. மேலே அவரைக் குழந்தையாக்கியவர்களைக் குறை சொன்னேன். பெரியவராக நடத்துவதென்றால் இதையும் அவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அந்த மகன் 1986இல் சாலை விபத்தில் இறந்துபோனான். எல்சா மறுபடியும் எழுந்து, எண்பது வயதுக்குப் பிறகும் புதிய இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். பெண்கள்மீதான வன்முறையை எதிர்த்துப் பாடினார். 2022 ஜனவரி 20 அன்று 91 வயதில் மறைந்தார். கரிஞ்சா இறந்ததும் ஒரு ஜனவரி 20 தான்; 39 ஆண்டுகளுக்கு முன்பு.

கடைசி ஆண்டுகள் எப்படி இருந்தன?

1973 டிசம்பர் 19 அன்று ரியோவின் மாரக்கானா மைதானத்தில் அவருக்கு விடையளிக்கும் ஆட்டம் நடந்தது. 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பெலேயும் ஆடினார். கிடைத்த பணம் நீண்ட நாள் நிற்கவில்லை. 1980 கார்னிவலில் மங்கேரா சம்பா பள்ளி (கார்னிவலில் ஆடிப்பாடி ஊர்வலம் வரும் குழு) அவரை அலங்கார வண்டியில் உட்காரவைத்து ஊர்வலம் விட்டது. மருந்தின் மயக்கத்தில், எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர்போல வெறித்த பார்வையோடு அவர் அமர்ந்திருந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. மருத்துவமனையில் பலமுறை சேர்க்கப்பட்டார். 1983 ஜனவரி 20 அன்று ரியோவில் குடியால் வந்த கல்லீரல் நோயில் உயிர் பிரிந்தது. வயது 49.

உடலை மாரக்கானாவில் வைத்தார்கள். தீயணைப்பு வண்டியில் பாவ் கிராண்டேவை நோக்கிக் கொண்டுபோனபோது வழியெங்கும் மக்கள் திரண்டு நின்றார்கள். ஊருக்கு அருகே ரைஸ் டா செர்ரா கல்லறையில் அடக்கம். "மக்களின் மகிழ்ச்சியாக இருந்தவர் இங்கே அமைதியாக உறங்குகிறார்" என்ற பொருளில் கல்லில் வாசகம் பொறித்தார்கள். 2017இல் அந்தக் கல்லறையில் அவருடைய எலும்புகள் எங்கே என்றே தெரியவில்லை என்று செய்தி வந்தது.

அவர் பெயரில் இன்று என்ன இருக்கிறது?

தலைநகர் பிரேசிலியாவின் தேசிய மைதானம் மானே கரிஞ்சாவின் பெயர் தாங்கியது. 2014 உலகக் கோப்பைக்காக அதைப் புதிதாகக் கட்டினார்கள். போட்டாஃபோகோ ஆடும் மைதானத்துக்கு நில்டன் சாண்டோஸின் பெயர்.

அவர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எதிலிருந்து தொடங்கலாம்?

1962 இங்கிலாந்து ஆட்டத்தின் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. கோல்களை மட்டும் தொகுத்த துண்டுப் படங்களைத் தவிர்த்துவிடுங்கள். நீளமான பதிவாகத் தேடி, பந்து வலப்பக்கம் போகும் ஒவ்வொரு முறையும் இங்கிலாந்தின் இடது பேக் ரே வில்சனின் கால்களைப் பாருங்கள். நான்கு ஆண்டு கழித்து உலகக் கோப்பை வென்ற அணியில் ஆடியவர் அவர், லேசானவர் இல்லை. பந்து அசையாமல் நிற்கிறது, கரிஞ்சா சாய்கிறார், வில்சன் பின்வாங்குகிறார். அடுத்து, 1958 இறுதி ஆட்டத்தில் வாவாவின் இரண்டு கோல்கள். அதில் கரிஞ்சா ஏழாம் எண் சட்டையில் இருப்பார் என்று தேடாதீர்கள். அந்த ஆண்டு அவர் அணிந்தது 11.